டெலிடெக்ஸ்ட் தரும் பாடம்: பழைய வழியை மூடுமுன் யோசிப்போம்



நம்மில் பலர் கடையில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருக்கிறோம். அதை விற்பனை செய்பவர்களும் நம்மிடையே உண்டு. அதன் ரிமோட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நான்கு வண்ணப் பொத்தான்கள் பல ரிமோட்களில் இருக்கும். இவை எதற்கு என்று வாடிக்கையாளர் கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்? டெலிடெக்ஸ்ட் என்ற சேவைக்காக வந்த பொத்தான்கள் அவை. ஐரோப்பாவில் கோடிக்கணக்கானோர் செய்தி, பங்கு விலை, விமான நேரம், வானிலை ஆகியவற்றைத் தொலைக்காட்சித் திரையிலேயே எழுத்தாகப் படிக்க உதவிய சேவை அது.

அச்சேவை சில நாடுகளில் அடியோடு நின்றது; சில நாடுகளில் நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் நடந்தது. ஒரே சரக்கு ஓர் ஊரில் விலை போகாமலும் இன்னோர் ஊரில் விற்றுக்கொண்டும் இருந்தால், காரணம் என்ன என்று வியாபாரி விசாரிப்பான் அல்லவா? அந்த விசாரணையைத்தான் இக்கட்டுரையில் செய்கிறோம்.

எப்படி வேலை செய்தது?

அனலாக் ஒளிபரப்புக் காலத்தில் பிரிட்டனிலும் நம் நாட்டிலும் தொலைக்காட்சிப் படம் 625 கோடுகளால் ஆனது. அவற்றில் ஏறத்தாழ 50 கோடுகளில் படம் இருக்காது. ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் வரும் இடைவெளி அது. பிரிட்டனின் பி.பி.சி. பொறியாளர்கள், காது கேளாதோருக்காகத் திரையில் வசன வரிகளைக் காட்ட வழி தேடியபோது, இந்தக் காலி இடத்தில் எழுத்துகளை அனுப்பலாம் என்று கண்டார்கள். லாரி எப்படியும் போகிறது. மூலையில் இடம் காலியாகக் கிடக்கிறது. நாலு மூட்டையை ஏற்றிவிட்டால் தனி வாடகை இல்லை. டெலிடெக்ஸ்டின் பொருளாதாரம் இவ்வளவுதான்.

1974 செப்டம்பர் 23 அன்று 'சீஃபேக்ஸ்' என்ற பெயரில் பி.பி.சி. இதைத் தொடங்கியது. அப்போது இருந்தவை 30 பக்கங்களே. பிறகு பக்கங்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. 100 முதல் 899 வரை பக்க எண்கள். ரிமோட்டில் மூன்று எண்களை அழுத்தினால் அந்தப் பக்கம் வரும். ஒரு பக்கத்தில் 24 வரிகள், வரிக்கு 40 இடங்கள். ஆக மொத்தம் 960 எழுத்துகளுக்குத்தான் இடம். தபால் கார்டில் எழுதுவது போலத்தான். எழுதுபவர் சுற்றி வளைக்க வழியில்லை.

பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி ஒளிபரப்பாகும். கடைவீதியில் சைக்கிளில் டீ விற்பவர் ஒரு சுற்று வருவது போல. நாம் கேட்ட பக்கம் இப்போதுதான் கடந்து போயிருந்தால், அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். படம் ஒவ்வொரு முறை கீழிறங்கும்போதும் இரண்டு கோடுகளை மட்டும் பயன்படுத்தினால், விநாடிக்குச் சுமார் நான்கு பக்கங்கள் போகும். நூறு பக்கங்கள் கொண்ட சுற்றுக்கு 25 விநாடி ஆகும். இந்தக் காத்திருப்பைக் குறைக்கவே பின்னாளில் வண்ணப் பொத்தான்கள் வந்தன. அடுத்து எந்த நான்கு பக்கங்களைக் கேட்பார்கள் என்று முன்கூட்டியே ஊகித்து, பெட்டி அவற்றைத் தன் நினைவில் எடுத்து வைத்துக்கொள்ளும். வழக்கமாக வருபவரைத் தூரத்தில் கண்டதுமே அவர் வாங்கும் சாமானை எடுத்து வைக்கும் கடைப்பையன் செய்வதும் இதுதான்.

இதில் இன்னொரு சிறப்பு உண்டு. பார்ப்பவர் நூறு பேரானாலும் ஒரு கோடிப் பேரானாலும் வேகம் மாறாது. மண்டியில் கரும்பலகையில் எழுதிய விலையை எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்தாலும் பலகை களைத்துப் போகுமா? 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் தாக்குதல் நடந்தபோது, கூட்டம் தாங்காமல் பெரிய செய்தி இணையதளங்களே திணறின. டெலிடெக்ஸ்ட் முறையில் அத்தகைய நெரிசலுக்கு இடமே இல்லை.

நம் நாட்டிலும் 1985-ல் தில்லி தூர்தர்ஷன் 'இன்டெக்ஸ்ட்' என்ற பெயரில் இச்சேவையைத் தொடங்கியது. ஆனால் ஐரோப்பாவைப் போல் வீடுதோறும் அது வேரூன்றவில்லை.

திரையில் நடந்த கடைவீதி

வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது, பிரிட்டனின் தனியார் தொலைக்காட்சியில் நடந்த டெலிடெக்ஸ்ட். அங்கே 1992 இறுதிவரை 'ஆரக்கிள்' என்ற சேவையும், 1993 முதல் 'டெலிடெக்ஸ்ட் லிமிடெட்' என்ற நிறுவனமும் பக்கங்களை நடத்தின. அவற்றுக்கு வருமானம் விளம்பரமே. அதிலும் முதலிடம் விடுமுறைப் பயண விளம்பரங்களுக்கு.

சனிக்கிழமை விமானம் புறப்படுகிறது; இருபது இருக்கைகள் விற்கவில்லை. விமானம் கிளம்பிய பிறகு அந்த இருக்கைக்கு விலை ஏது? சாயங்காலத்துப் பூக்கடை நிலைமைதான். அச்சடித்த பயணக் கையேட்டில் விலையைத் திருத்த முடியாது. செய்தித்தாள் விளம்பரம் மறுநாள்தான் வரும். டெலிடெக்ஸ்ட் பக்கத்திலோ அன்றைக்கே விலையைக் குறைத்துப் போடலாம். ஊர், புறப்படும் நாள், விலை, தொலைபேசி எண் என்று ஒரே வரியில் முடிந்துவிடும். மக்கள் பென்சிலும் காகிதமுமாகத் திரைமுன் உட்கார்ந்து, பக்கம் புரள்வதற்குள் எண்ணைக் குறித்துக்கொண்டு போன் செய்வார்கள். படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. சரியான விலை, சரியான நேரத்தில், தேடியவர் கண்ணில் பட்டது. வியாபாரம் நடந்தது.

1990-களில் சீஃபேக்ஸ் உச்சத்தில் இருந்தபோது, வாரம் ஒருமுறையாவது அதைப் பார்த்தவர்கள் 2 கோடிப் பேர் என்பது பி.பி.சி.யின் கணக்கு.

தேய்ந்தது எதனால்?

இணையம் வந்தது, டெலிடெக்ஸ்ட் போனது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை. கடைசி நேரப் பயணச்சீட்டு விற்பனை இணையத்துக்கு மாறியதும், விளம்பரத்தை நம்பிய டெலிடெக்ஸ்ட் லிமிடெட்டின் வருமானம் வற்றியது. உரிமக் காலம் முடியுமுன்பே, 2009 டிசம்பரில் அந்நிறுவனம் செய்திப் பக்கங்களை நிறுத்தியது. ஒரே வகைச் சரக்கில் முதலையெல்லாம் போட்டவருக்கு நேரும் கதி அது.

ஆனால் பி.பி.சி.யின் சீஃபேக்ஸ் விளம்பரத்தை நம்பியதல்ல. மக்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தில் நடந்தது. அது ஏன் நின்றது? பிரிட்டனில் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறினார்கள். அந்த மாற்றத்தில் பழைய டெலிடெக்ஸ்டை உடன் எடுத்துச் செல்லாமல், 'ரெட் பட்டன்' என்ற வேறொரு சேவையைப் புதிதாக அமைத்தார்கள். பழைய வேகம் இதில் இல்லை என்று பழகியவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். வட அயர்லாந்தில் கடைசி அனலாக் ஒளிபரப்பு நின்ற 2012 அக்டோபர் 23 இரவோடு சீஃபேக்ஸும் முடிந்தது.

இங்கேதான் நம் விசாரணைக்கு விடை கிடைக்கிறது. ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன் போன்ற நாடுகளும் டிஜிட்டலுக்கு மாறின. இணையம் அங்கேயும் வந்தது. ஆனால் டிஜிட்டல் ஒளிபரப்பிலும் பழைய டெலிடெக்ஸ்ட் பக்கங்களை அப்படியே அனுப்ப வழி இருந்தது. அந்நாடுகள் அதைப் பயன்படுத்திக்கொண்டன. பெட்டி மாறியது, ஒளிபரப்பு மாறியது. மக்கள் அழுத்திய எண் மாறவில்லை. சுவீடனில் விளையாட்டு முடிவுகளுக்கு 377 என்பது பலருக்கு மனப்பாடம். பின்லாந்தில் அதே வேலைக்கு 221. ஜெர்மனியின் ஏ.ஆர்.டி. நிறுவனத்தின் டெலிடெக்ஸ்ட் 1980-ல் தொடங்கி, 2020-ல் நாற்பது ஆண்டுகளை நிறைவு செய்தது. நெதர்லாந்தின் என்.ஓ.எஸ். நிறுவனமோ தன் டெலிடெக்ஸ்ட் பக்கங்களைக் கைப்பேசிச் செயலியாகவும் தந்தது. கைப்பேசி வைத்திருப்பவர் அதில் படங்களும் வீடியோவும் பார்க்கலாமே, கறுப்புப் பின்னணியில் 24 வரிகளை ஏன் திறக்கிறார்? ஒரு பார்வையில் விஷயம் முடிந்துவிடுகிறது என்பதால்தான்.

யாருக்கு இன்னும் பயன்?

2019-ல் பி.பி.சி., ரெட் பட்டன் சேவையின் எழுத்துப் பக்கங்களையும் மூடப்போவதாக அறிவித்தது. 2020 ஜனவரி 30 அன்று மூடுவதாக ஏற்பாடு. பிரிட்டனின் பார்வையற்றோர் கூட்டமைப்பு ஒன்று எதிர்ப்பு மனு கொடுத்தது. இணையம் இல்லாத முதியவர்களும் உடல் ஊனமுற்றோரும் இந்தப் பக்கங்களைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்பது அவர்களது வாதம். குறித்த நாளுக்கு முந்தின நாள் முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் பக்கங்களைக் குறைத்து, முக்கியமானவற்றைத் தொடர்வதென்று தீர்மானித்தார்கள்.

இதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். புதிய வழிக்கு மாறியவர்கள் மாறிவிட்டார்கள். பழைய வழியில் மிஞ்சியவர்கள், மாற முடியாதவர்கள். எண்ணிக்கையில் சிறிய கூட்டம்தான். ஆனால் அவர்களுக்கு வேறு கடை இல்லை. கணக்கில் "பயன்படுத்துவோர் குறைந்துவிட்டனர்" என்று ஒரு வரியாகத் தெரிவது, நேரில் பார்த்தால் ஒவ்வொரு மனிதராகத் தெரியும்.

நம் கடைக்கு என்ன பாடம்?

நம் தொழிலிலும் மாற்றங்கள் அடுக்கடுக்காக வருகின்றன. கணினி பில், கியூ.ஆர். அட்டை, வாட்ஸ்அப்பில் ஆர்டர், செயலி வழியே சலுகை என எல்லாம் தேவையே. அவற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாறும்போது கீழ்க்கண்டவற்றை நினைவில் கொள்வோம்.

1. எண்ணை மாற்றாதீர்கள். இருபது ஆண்டுகளாக வாடிக்கையாளர் மனதில் பதிந்த தொலைபேசி எண் ஒரு சொத்து. புதிய இணைப்பு எடுத்தாலும் பழைய எண்ணைத் தக்கவைத்துக்கொள்ளப் பாருங்கள். கடைக்குள் சரக்கு வைக்கும் இடத்துக்கும் இது பொருந்தும்.

2. விலைப்பட்டியலைத் தபால் கார்டு போல எழுதுங்கள். மொத்த வியாபாரிகள் அன்றாடம் வாட்ஸ்அப்பில் விலை அனுப்புகிறார்கள். பூப்படமும் காலை வணக்கமும் முன்னால் வந்து, விலை எட்டாவது வரியில் இருந்தால் யார் படிப்பார்? தேதி, சரக்கு, ரகம், விலை என்று தினமும் ஒரே வரிசையில், ஒரே நேரத்தில் அனுப்புங்கள். சில்லறைக் கடைக்காரர் கண் தானாக அந்த வரிக்குப் போகும்.

3. கடைசி நேரச் சரக்குக்குத் தனி இடம் ஒதுக்குங்கள். விற்காத விமான இருக்கைக்கு ஒரு பக்கம் இருந்தது போல, காலாவதி நெருங்கும் சரக்குக்கும் அழுகும் பொருளுக்கும் ஒரு பலகை அல்லது ஒரு மேசை. அங்கே போனால் விலை குறைவு என்று வாடிக்கையாளர் பழகிவிட்டால், நஷ்டம் பாதியாவது குறையும். விலை குறைத்த காரணத்தையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

4. ஒரே வருமானத்தை நம்பாதீர்கள். ஒரு சரக்கு அல்லது ஒரு பெரிய வாடிக்கையாளர் போனால் கடை நிற்குமா என்று ஆண்டுக்கொருமுறை கணக்கெழுதிப் பாருங்கள்.

5. பழைய வழியை மூடுமுன் ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள். போனில் ஆர்டர் சொல்பவர் எத்தனை பேர், சீட்டெழுதிக் கொடுத்தனுப்புபவர் எத்தனை பேர், ரொக்கம் தருபவர் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். எண்ணிக்கையோடு பெயரையும் எழுதுங்கள். பத்துப் பேர்தானே என்று தோன்றும். பெயரைப் படித்தால், நம் தகப்பனார் காலத்திலிருந்து வருபவர்கள் அதில் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு போனும் ஒரு நோட்டும் வைத்திருக்க ஆகும் செலவு அதிகமில்லை.

பிரிட்டனிலும் சரி, ஜெர்மனியிலும் சரி, புதிய தொழில்நுட்பம் ஒன்றுதான். ஓரிடத்தில் பழைய பக்கங்களை விட்டுவிட்டு வந்தார்கள். மற்றோரிடத்தில் கூடவே எடுத்து வந்தார்கள். அடுத்த முறை நம் கடையில் புதிய பில் இயந்திரத்தையோ செயலியையோ கொண்டுவரும்போது, விற்க வந்தவரிடம் விலையைப் பேசுமுன், "எங்கள் பழைய வாடிக்கையாளர்களை இதில் எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?" என்று கேட்போம். சரியான பதில் வந்த பிறகு முன்பணம் கொடுப்போம்.