பார்வையாளரின் வாக்குத் தவம்

கீதை வகுப்பில் கேட்டதைக் கூடிச் சிந்திப்பதற்காக எட்டுப் பத்து அன்பர்கள் வாரந்தோறும் அமரும் சிறு குழுக்கள் பல ஊர்களில் நடைபெறுகின்றன. அவ்வப்போது ஒருவர் பார்வையாளராக அமர்ந்து, முடிவில் தாம் கண்டதைக் கூறுவதுண்டு. எளிய பணியாகத் தோன்றினாலும் இதுவும் ஒரு சாதனையே.

பல ஆண்டுகளுக்கு முன் இப்பணியில் நான் தவறினேன். ஒரு குழுவை நடத்திய முதியவர் பெரும்பகுதி நேரம் தாமே பேசினார். முடிவில் அனைவர் முன்னிலையிலும், "நீங்கள் பிறரைப் பேச விடவில்லை" என்றேன். சொன்னது உண்மை. ஆயினும் அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. உண்மையைச் சொன்னேன் என்ற நிறைவு எனக்கு மிஞ்சியது. குழுவோ ஒரு சாதகரை இழந்தது.

கீதையின் 17-ஆம் அத்தியாயம், 15-ஆம் சுலோகம் வாக்கின் தவத்தை விளக்குகிறது. பிறர் உள்ளத்தைக் கலக்காமை, உண்மை, இனிமை, நன்மை ஆகிய நான்கும் அச்சொல்லின் இலக்கணங்கள். இவை ஒருங்கே அமைய வேண்டும் என்று ஆதிசங்கரர் தமது உரையில் வலியுறுத்துகிறார். உண்மை இருந்து மற்றவை குறைந்தால் அது தவமாகாது. இனிமை இருந்து உண்மை குறைந்தாலும் அவ்வாறே. அன்று என் சொல்லில் நான்கில் ஒன்றே இருந்தது.

அவர் தரும் எடுத்துக்காட்டும் சிந்தனைக்குரியது. குழந்தையை அழைப்பதுபோல் பரிவுடன் விளித்து, செய்ய வேண்டியதையும் அதனால் விளையும் நன்மையையும் கூறும் சொற்கள் அவை. பழி கூறும் சொல் ஒன்றேனும் அதில் இல்லை.

இதனைக் குழுவில் கடைப்பிடிப்பது எவ்வாறு? முதலில், கண்டதையும் கருதியதையும் பிரித்தறிய வேண்டும். 'இவர்களுக்கு ஆர்வமில்லை' என்பது நம் கருத்து. 'மூவர் இன்று பேசவில்லை' என்பது நாம் கண்டது. கண்டதையே கூறுக. நன்கு அமைந்ததைப் பொதுவாகப் புகழாமல், எந்தக் கேள்வியால் சிந்தனை தெளிந்தது என்று குறிப்பாகச் சுட்டுக. பின்னர், "உங்களுக்கு எவ்வாறு தோன்றியது?" என்று கேட்டு, அவர்கள் கூறுவதைப் பொறுமையுடன் கேட்க. திருத்தம் ஒன்று போதும். அது அடுத்த வாரமே செய்யக்கூடியதாக இருக்கட்டும். தனி ஒருவரைப் பற்றியதைத் தனிமையில் கூறுக.

அன்று நான், "ஒவ்வொரு சுலோகத்திற்குப் பின்னும் அனைவரும் ஓரிரு வாக்கியங்கள் கூறினால் எல்லோரும் பயன்பெறுவோம்" என்று சொல்லியிருக்கலாம். உண்மை குறைந்திராது, அம்முதியவரும் மீண்டும் வந்திருக்கக்கூடும்.

ஆகவே, பேசுமுன் ஒரு கணம் நம்மையே கேட்டுக்கொள்வோம்: இச்சொல் அவர்கள் வளர்வதற்கா, நம் அறிவைக் காட்டுவதற்கா? விடை தெளிந்த பின்னரே வாய் திறப்போம்.