நடுகல்லும் எங்க தாத்தாவின் செங்கல்லும்

எகிப்து நாகரிகம் பற்றி சமூக அறிவியலில் படித்தோம் அல்லவா? அங்கே சக்காரா என்ற இடத்தில் 'தி' என்ற அதிகாரியின் கல்லறை இருக்கிறது. சுமார் 4400 ஆண்டுகள் பழமையானது. அதன் சுவரில் பெண்கள் வரிசையாகக் கூடை சுமந்து வருவது போல் புடைப்புச் சிற்பம் செதுக்கியிருக்கிறார்கள். கூடையில் இருப்பது இறந்தவருக்கான சாப்பாடு! சொந்தக்காரங்க படைக்க மறந்தாலும், செதுக்கிய சாப்பாடு தீராது என்பது அவர்கள் நம்பிக்கை.

இதைப் படித்ததும் எனக்கு எங்க தாத்தா கருமாதி ஞாபகம் வந்தது. 16-ஆம் நாள் பெரியப்பா ஒரு செங்கல்லை நட்டு, தண்ணீர் ஊற்றி, எண்ணெயும் பாலும் விட்டு, சோறு படைத்தார்.

"எதுக்கு பெரியப்பா செங்கல்லைக் குளிப்பாட்டுறீங்க?"

"அதான்டா தாத்தா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாயி அழுவதைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

தமிழ் ஐயாவிடம் கேட்டபோது, "இது தொல்காப்பியத்திலேயே இருக்குடா" என்றார். போரில் இறந்த வீரனுக்கு நடுகல் எடுக்க ஆறு நிலைகள்: நல்ல கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதை எடுத்து வருவது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. பிறகு நடுதல், பெரும்படை, வாழ்த்துதல். பெரியப்பா செய்தது பாதிக்குமேல் இதுதான்! சிலப்பதிகாரம் வஞ்சிக் காண்டத்தில் காதைகளின் பெயரே காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்றுதான் போகிறது. கண்ணகி நம்ம பக்கத்துப் பூம்புகார்ப் பெண். ஆனால் அவளுக்குக் கல் எடுத்தது சேரன் செங்குட்டுவன். இமயத்தில் எடுத்து, கங்கையில் நீராட்டி, சேர நாட்டில் நட்டான்.

2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் நம் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள் 2000 ஆண்டுகளுக்கும் முந்தியவை. அவற்றில் உருவம் இல்லை, தமிழி எழுத்து மட்டும்தான். உருவம் செதுக்கும் வழக்கம் பிறகு வந்தது. பிற்காலக் கற்கள் சிலவற்றில் கீழே சண்டை, நடுவில் தேவப் பெண்கள் வீரனை மேலே அழைத்துப் போவது, உச்சியில் அவன் சிவலிங்கத்தை வணங்குவது என மூன்று அடுக்காகக் கதை ஓடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல். (படத்தில்தான் பார்த்தேன்.) பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போய் இறந்தான். கூடவே அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள்!

எகிப்துச் சுவரில் சாப்பாடே கல்லாக இருக்கிறது. நம் கல்லில் அவன் செய்த காரியம் இருக்கிறது, சோறு நாம்தான் கொண்டுபோக வேண்டும். எனக்கு நம்முடையதுதான் பிடித்திருக்கிறது.

நம்ம பக்கம் வண்டல் பூமி, மலை ஏது? அதனால்தான் செங்கல் வைத்தார்களோ என்னவோ. காரியம் முடிந்ததும் அதைப் பிடுங்கிக் கடலில் போட்டுவிட்டார்கள். தாத்தா பேர் எந்தக் கல்லிலும் இல்லை.

கோவிவன் கதையை அப்பாயிகிட்ட சொன்னேன். "நாய்க்குக்கூடவா பேரு வெட்டுனாங்க?" என்று கேட்டாங்க. கொஞ்ச நேரம் கழித்து, தாத்தா வளர்த்த மாடுகளோட பேரை ஒவ்வொண்ணா சொல்ல ஆரம்பிச்சாங்க. நான் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.