இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட ஓர் எண்

ஆறாம் வகுப்பில் காரணிகள் பாடம் நடத்தும்போது நாம் பெரும்பாலும் 60-ஐத் தாண்டுவதில்லை. முகத்துவாரக்குப்பத்துப் பிள்ளைகளோ கரைக்கு வந்த மீனைப் பங்கு பிரிப்பதைப் பார்த்து வளர்கிறவர்கள். 12 கூடை இறாலை 2, 3, 4, 6 பேர் மீதியின்றிப் பிரித்துக்கொள்ளலாம். 13 கூடை என்றால் தகராறுதான் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

தன்னைவிடச் சிறிய எண்கள் அனைத்தையும்விடக் கூடுதல் காரணிகள் கொண்ட எண்ணை உயர் பகு எண் எனலாம். 12 (6 காரணிகள்), 24 (8), 36 (9), 48 (10), 60 (12) என இவை தொடரும். 18-க்கும் 6 காரணிகள் உண்டு. ஆனால் 12 முந்திக்கொண்டதால் 18-க்கு இடமில்லை.

இவ்வெண்களை ஆழ்ந்து ஆராய்ந்தவர் சீனிவாச இராமானுஜன். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர். எண்ணூரிலிருந்து பாரிமுனை போகும் வழியில் நம் மாணவர்கள் பார்க்கும் அதே துறைமுகம்தான்! இங்கிலாந்து சென்றபின், 1915-இல் வெளியான கட்டுரையில் உயர் பகு எண்களைப் பட்டியலிட்டார். அதன் கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800.

இதன் காரணிகளை எழுதிப் பார்த்து எண்ண முடியாது. பகாக் காரணிப்படுத்தினால் போதும்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

முதலில் 12 = 2² × 3 என்பதைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒரு காரணியில் 2 என்பது 0, 1 அல்லது 2 முறை வரலாம், 3 வழிகள். 3 என்பது வரலாம், வராமலும் இருக்கலாம், 2 வழிகள். 3 × 2 = 6. அடுக்குடன் 1 கூட்டிப் பெருக்குவதே முறை. பெரிய எண்ணுக்கு 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080 காரணிகள்.

அந்தப் பட்டியலில் 2,93,31,86,25,600 என்ற எண் விடுபட்டிருக்கிறது. இதை 23-ஆல் பெருக்கினால் அந்தக் கடைசி எண்ணே கிடைக்கும்! 23 புதிய பகா எண் ஆதலால், பழைய காரணி ஒவ்வொன்றுக்கும் அதன் 23 மடங்கும் சேர்ந்து 5,040 என்பது 10,080 ஆகிறது.

48-இன் காரணிகளில் 16-ஐ விட்டுவிட்ட மாணவிக்குச் சிவப்பு மையால் பெருக்கல் குறி போடுவது நம் பழக்கம். அதற்குப் பதில் 48 = 2⁴ × 3, எனவே 5 × 2 = 10 என்று அவளையே கணக்கிடச் சொல்லலாம். ஒன்பதுதான் எழுதியிருக்கிறோம் என்று தெரிந்ததும் விடுபட்டதை அவளே தேடுவாள். தேர்வு விடைத்தாளில் மதிப்பெண் போவது வேறு விஷயம். வகுப்பேட்டில் அந்தத் தேடலுக்கு இடம் கொடுக்கலாமே.

எட்டாம் வகுப்புக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள்: 5,040-க்கு எத்தனை காரணிகள்? 60. 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4, 4-க்கு 3, 3-க்கு 2. அதற்குமேல் ஏன் நகரவில்லை?