‘டு’ என்று அழைக்கும் ஊர்

பேர்கன்

அன்புள்ள மருமகளுக்கு,

பேராசிரியருக்கு நீ எழுதிய கடிதம் கிடைத்தது. விஷயத்தைத் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி ‘தங்கள் கீழ்ப்படிந்த மாணவி’ என்று முடித்திருக்கிறாய். அதை அப்படியே நோர்வேஜிய மொழியில் மாற்றித் தரச் சொல்கிறாய். மாற்றித் தரலாம், வாசிக்கிறவர் சிரித்துவிடுவார். ஏன் என்று தொலைபேசியில் சொன்னால் நீ பாதியில் ‘சரி மாமா’ என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

‘ரெஸ்பெக்டட் சார்’ என்று இங்கிலாந்துக்காரரே எழுதுவதில்லை. ‘மதிப்புக்குரிய ஐயா’வுக்கு நாங்கள் தைத்துப் போட்ட ஆங்கிலச் சட்டை அது. ‘கீழ்ப்படிந்த’ என்பதோ நேர்மாறு. பழைய துரைமார் தங்கள் கடிதங்களை ‘உங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்’ என்று முடித்த வழக்கத்திலிருந்து எங்கள் பள்ளிக்கூட விடுப்புக் கடிதத்துக்குள் புகுந்தது. அவர்கள் அதை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். அவர்கள் எழுதுவது ‘டியர்’. அந்தச் சொல்லுக்கு விலை உயர்ந்தது என்றும் பொருள் உண்டு. அதன் கூடப்பிறந்த நோர்வேஜியச் சொல் ‘ட்யூர்’. இங்கே வந்து ஒரு கிலோ தக்காளியைக் கையில் எடுத்தவுடனேயே அந்தச் சொல்லைக் கற்றுக்கொள்வாய்.

மதிப்பும் விலையும் ஒட்டிப்பிறந்தவை. ஆங்கில ‘எஸ்டீம்’ லத்தீனில் விலை நிர்ணயிப்பதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. வீடு கட்ட மேசன் தரும் ‘எஸ்டிமேட்’ அதன் சகோதரம்தான். தமிழனுக்கு இதில் வியப்பில்லை, காணிக்கும் மதிப்பு என்கிறோம், மனிதனுக்கும் மதிப்பு என்கிறோம். ‘ரெஸ்பெக்ட்’ வேறு வழியில் வந்தது. அதன் லத்தீன் வேருக்குத் திரும்பிப் பார்ப்பது என்று பொருள். தெருவில் ஒருவரைக் கடந்துபோன பிறகும் தலையைத் திருப்ப வைக்கிறாரே, அதுதான்.

நோர்வேயிலும் அன்றாடம் புழங்குவது இதே ‘ரெஸ்பெக்ட்’தான். ஆனால் இங்கே அதில் ஒரு சிட்டிகை பயமும் உண்டு. கடலுக்கு ரெஸ்பெக்ட் வேண்டும் என்று மீனவர் சொன்னால், கும்பிடச் சொல்லவில்லை, காற்று மாறினால் படகைத் திருப்பு என்கிறார்.

எனக்குப் பிடித்த சொல் வேறு: ‘ஆக்டெல்சே’. இன்று புத்தகங்களிலும் பழைய மனிதர் வாயிலும்தான் கிடைக்கும். அதன் வேரான ‘ஆக்ட்’ என்பதற்குக் கவனம் என்று பொருள். படைமுகாமில் வீரர்களை விறைத்து நிற்க வைக்கும் கட்டளை ‘யி ஆக்ட்’, அதாவது கவனம் கொடு. அதே வேரின் முன்னால் ‘ஃபொர்’ சேர்த்தால் ‘ஃபொராக்ட்’, இகழ்ச்சி. எங்கள் மதிப்புக்கு முன்னால் ‘அவ’ வந்து நிற்பதைப்போல. சட்டப் புத்தகத்தைத் திறந்தால் ‘உ-ஆக்ட்சொம்’ என்று ஒரு சொல், கவனக்குறைவு. கவனமில்லாமல் வண்டி ஓட்டி ஒருவரைக் கொன்றவன்மேல் வரும் குற்றச்சாட்டில் அது நிற்கும். ஒருவரை மதிப்பதும் அவர்மேல் வண்டியை ஏற்றாமலிருப்பதும் ஒரே வேரில் முளைத்திருக்கின்றன.

இந்த ‘ஆக்ட்’ நோர்வேயின் சொந்தச் சரக்கும் அல்ல. நான் இருக்கும் இந்த ஊரின் துறைமுகத்தில் 1360 அளவில் ஜெர்மன் ஹன்சா வணிகர்கள் கிடங்கு போட்டார்கள். கருவாட்டை வாங்கிக்கொண்டு தானியம் விற்றார்கள். அவர்களுடைய கீழ் ஜெர்மன் மொழி நோர்வேஜியத்துக்குள் ஏராளமாகப் புகுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈவார் ஓசென் என்பவர் நாட்டுப்புறமெங்கும் நடந்து பேச்சுவழக்குகளைத் திரட்டினார். 1848இல் இலக்கணமும் 1850இல் அகராதியும் வெளியிட்டார். அவர் வழியில் வளர்ந்த புதுநோர்வேஜியம் ஜெர்மன் வாடையுள்ள சொற்களை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்தது. ‘ஆக்டெல்சே’க்குப் பதிலாக அதில் எழுதுகிறவர்கள் போடும் சொல் ‘வ்யூர்ட்னாட்’. மரியாதையை விட்டு மதிப்பை எழுதும் எங்கள் தனித்தமிழ்க்காரர் நினைவுக்கு வருகிறார்களா? வேடிக்கை என்னவென்றால், அந்தத் தூய சொல்லைத் தோண்டினாலும் அடியில் கிடைப்பது விலைதான்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் முன்பு ‘தவ்’ என்றால் நீ, ‘யூ’ என்றால் நீங்கள். காலப்போக்கில் நீ செத்து, எல்லோரும் நீங்கள் ஆனார்கள். நோர்வேயில் ‘டு’ என்றால் நீ, ‘டீ’ என்றால் நீங்கள். இங்கே செத்தது நீங்கள். எழுபதுகளுக்குப் பிறகு ‘டீ’யை அரச குடும்பத்தார் முன்னால்தான் பெரும்பாலும் கேட்கலாம். ஆங்கிலேயர் எல்லோரையும் திண்ணையில் ஏற்றினார்கள், நோர்வேஜியர் எல்லோரையும் முற்றத்தில் இறக்கினார்கள். எனக்கு முற்றம்தான் பிடித்திருக்கிறது, ஆனால் அங்கே உட்காரப் பழக வருஷங்கள் ஆயின.

இந்த ‘டு’ ஒரு காலத்தில் எவ்வளவு கனத்தது என்று பார்க்க இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தை எடு. 1879. வங்கி மேலாளராகப் போகும் ஹெல்மர், க்ரோக்ஸ்டா என்ற ஊழியனை வேலையிலிருந்து நீக்குகிறான். க்ரோக்ஸ்டா முன்பு கையெழுத்து மோசடி செய்தவன். அதைக்கூட ஹெல்மர் மன்னித்துவிடுவானாம். இளமைக்காலப் பழக்கத்தை வைத்து அவன் நாலு பேர் முன்னால் தன்னை ‘டு’ என்று அழைப்பதைத்தான் தாங்க முடியவில்லை! ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றே மிஞ்சியிருப்பதால் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இடத்தில் திணறுகிறார்கள். பேர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்றெல்லாம் சுற்றிவளைக்க வேண்டியிருக்கிறது. தமிழில் ‘நீ’ என்று ஓரெழுத்துப் போட்டால் காட்சி முடிந்தது.

எண்பதுகளில் நான் இங்கே வந்து ஒரு நாட்டுப்புற உயர்பள்ளியில் சேர்ந்தபோது, அறுபது வயது ஆசிரியர் முதல்நாளே தன் பெயரைச் சொல்லி, அப்படியே கூப்பிடு என்றார். என் வாயில் வரவில்லை. ‘சார்’ என்றால் அவருக்குப் பிடிக்காது, பெயர் சொன்னால் அம்மா கனவில் வந்து அடிப்பார். ஆகவே மூன்று மாதம் அவருக்குப் பின்னால் போய் நின்று இருமினேன். கடைசியில் அவர் எனக்கு இருமல் மருந்து வாங்கித் தந்தார். அந்த வாரமே பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

எனவே முதல் வரியை ‘ஹை’ என்று போட்டு அவருடைய முதற்பெயரை எழுது. முடிவில் முன்பெல்லாம் ‘ஏர்பெடிக்ஸ்ட்’ என்று போடுவார்கள், மரியாதையைச் சமர்ப்பிக்கிறேன் என்ற பொருளில். இப்போது நட்புடன் வணக்கம் என்ற பொருளில் மூன்று நோர்வேஜியச் சொல்லில் முடிப்பார்கள், நீயும் அப்படியே செய். ‘சார்’ போனால் மரியாதையும் போய்விடும் என்று பயப்படாதே. சந்திக்கச் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் போ. அவருடைய கட்டுரையை வாசித்துவிட்டுக் கேள்வி கேள்.

இன்னொன்று. அவர் பெயரில் வரும் ‘ஓ’ எழுத்துக்குக் குறுக்கே ஒரு சாய்ந்த கோடு உண்டு. அந்தக் கோட்டோடு அது இங்கே தனி எழுத்து, ஒலியும் வேறு. உன் கடிதத்தில் மூன்று இடத்திலும் அந்தக் கோடு இல்லை. திருத்திவிட்டு அனுப்பு.

அன்புடன்,
மாமா