தம்பியின் தொப்பிக்குள் ஒரு பட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் லாரி ஓட்டும் உங்கள் தம்பிக்கு, தொப்பியின் உள்பக்கம் மாட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்கள். அது மூளையைப் படிக்குமாம். "அவன் வீட்டை நினைத்து ஏங்கினால்கூட அங்கே யாருக்காவது தெரிந்துவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தெரியாது. முதலில் அந்தக் கவலையை இறக்கி வையுங்கள்.

சில வருடங்களுக்கு முன்பு விடாத தலைவலிக்காக எனக்கு ஈ.ஈ.ஜி. என்ற மூளை மின்னலைப் பதிவு எடுத்தார்கள். தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்து, பசை தடவி, சின்னச் சின்ன உலோக வில்லைகளை ஒட்டினார் அதை எடுத்த பெண். கண்ணை மூடச் சொன்னதும் திரையில் கோடுகள் ஒரே சீராக அலையடித்தன. திறந்ததும் கலைந்துவிட்டன. பல்லைக் கடித்துப் பார்த்தேன். குழந்தை கிறுக்கியதுபோல் திரை முழுவதும் கறுத்துப்போனது. "தாடையை அசைக்காதீங்க சார், மூளை சத்தமே கேக்காது" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. தலைத்தோலை எட்டும் மூளையின் மின்சாரம் ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்து பங்குகள்தான். கண்ணை மூடினால் விநாடிக்கு 8 முதல் 13 முறை அடிக்கும் அந்தச் சீரான அலையை, ஜெர்மனியின் யெனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் கண்டு சொன்னார். 1924இல் மனிதத் தலையிலிருந்து முதல் பதிவை எடுத்து, 1929இல் வெளியிட்டார். நூறாண்டு கழித்தும், தோலுக்கு வெளியே இருந்து கேட்கிறவனுக்கு மூளை விழித்திருக்கிறதா, சோர்கிறதா என்பதுதான் ஓரளவு தெளிவாகக் கேட்கிறது. என்ன நினைக்கிறது என்பது கேட்பதில்லை. கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்றால் உள்ளே பந்தி நடக்கிறதா, கூட்டம் கலைந்துவிட்டதா என்று சொல்லிவிடலாம். யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று சொல்ல முடியாது.

தூக்கம் அமுக்கும்போது அலைகள் மெதுவாகின்றன. பட்டை அதைத்தான் பிடிக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் உருவான ஸ்மார்ட்கேப் இந்த வகைக் கருவி. சோர்வு ஒரு எல்லையைத் தாண்டினால் ஓட்டுநருக்கு எச்சரிக்கை வரும், கட்டுப்பாட்டு அறைக்கும் போகும். நினைப்பாலேயே இயந்திரக் கையை இயக்குவது ஆய்வகங்களில் உண்டு. ஆனால் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் முதலில் வந்து சேர்ந்தது, பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் இந்தச் சாதனம்தான்.

அது ஏன் வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கேட்டர்பில்லர் 797 மாதிரியான லாரி ஒரு நடையில் 360 டன்னுக்கு மேல் சுமக்கும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் விநாடிக்கு 11 மீட்டர். ஓட்டுகிறவர் நான்கு விநாடி கண்ணயர்ந்தால் 44 மீட்டர் தூரம் அந்த மலை தானாக ஓடுகிறது. அதே ஆஸ்திரேலியாவில் டாஸன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997இல் 'நேச்சர்' இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் கையைப்போலத் தடுமாறுகிறது. அந்த அளவு மதுவோடு அங்கே வண்டி ஓட்டினால் வழக்கு. 12 மணி நேர நைட் ஷிப்டில் விடியற்காலை நான்கு மணிக்கு உங்கள் தம்பி தனியாக இருக்கிறார். அவரைத் தட்டி எழுப்ப ஒன்று இருப்பது நல்லதுதான். பட்டையை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் பயப்படுவது நோட்டுப்புத்தகத்துக்கு.

இளம் வயதில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். நைட் ஷிப்டில் ஒருவரின் விரல் மெஷினில் மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு, யார் கண் சொருகுகிறாரோ அவரை முகம் கழுவி டீ குடித்து வர அனுப்பச் சொல்லி மேஸ்திரிக்கு உத்தரவு வந்தது. பெயரையும் நேரத்தையும் அவர் ஒரு நோட்டில் குறித்துவைத்தார். நல்ல ஏற்பாடு, காயங்கள் குறைந்தன. இரண்டு வருடம் கழித்து ஆட்குறைப்பு வந்தபோது அந்த நோட்டு மேஜைக்கு வந்தது. அதிக முறை தூங்கியவர்கள் என்று ஒரு பட்டியல் கேட்டார்கள். நல்ல கையெழுத்து என்பதால் நான்தான் எழுதிக்கொடுத்தேன். முதல் பெயர், வீட்டில் மூன்று மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்கு வந்த ஒரு அம்மா. இன்றுவரை அந்தக் காகிதம் என் மனசை அறுக்கிறது.

பட்டை எழுதும் நோட்டு மேஸ்திரியின் நோட்டைவிட நுணுக்கமானது. விற்கிறவர்களின் பேச்சோ தூக்கத்தோடு நிற்பதில்லை. சீனாவில் ஹாங்சோ பக்கத்து ஆலைகளில் தொழிலாளர் தொப்பிக்குள் உணரிகள் வைத்து, கோபம், பதற்றம், மன அழுத்தம் எல்லாம் அளக்கிறார்கள் என்று 2018இல் ஹாங்காங்கின் 'சவுத் சைனா மார்னிங் போஸ்ட்' எழுதியது. அந்த அளவு சாத்தியமா என்று விஞ்ஞானிகள் அப்போதே சந்தேகப்பட்டார்கள். வியர்வையும் தாடை அசைவும் இயந்திர அதிர்வும் சேர்ந்த இடத்தில் கோபத்தைப் பிரித்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பதை, பல்லைக் கடித்துப் பார்த்த நான் நம்புகிறேன். ஆனால் தவறாக அளந்த கோபமும் ஒருவரின் கோப்பில் ஏறிவிட்டால் கோபம்தானே?

இதைப் புரிந்துகொண்டு முதலில் சட்டத்தில் கை வைத்த நாடு சிலி. உலகிலேயே அதிகமாகச் செம்பு தோண்டும் நாடு. மூளையின் செயல்பாட்டையும் அதிலிருந்து எடுக்கும் தகவலையும் காக்கும் வரியை 2021இல் அரசியலமைப்பிலேயே சேர்த்தது. குவீடோ ஹிரார்தி என்ற முன்னாள் செனட்டர், இமோட்டிவ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தலைப்பட்டையை வாங்கிப் போட்டுப் பார்த்து, தன் மூளைத் தகவல் நிறுவனத்தின் கணினியில் கிடக்கிறது என்று வழக்குப் போட்டார். 2023இல் உச்ச நீதிமன்றம் அதை அழிக்கச் சொன்னது. பணியிடத்தில் உடலளவுகளை வைத்து ஊழியரின் உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரியிலிருந்து தடுத்திருக்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் விலக்கு உண்டு. சோர்வை அவர்கள் உணர்ச்சிக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஓட்டுநரின் அசதியைக் கண்டுபிடிப்பது ஒன்று, அவர் மனநிலையைத் துருவுவது வேறொன்று. அந்தக் கோட்டை அவர்கள் சரியான இடத்தில் போட்டிருப்பதாக நினைக்கிறேன்.

உங்கள் தம்பி இருப்பது சிலியிலும் இல்லை, ஐரோப்பாவிலும் இல்லை. அதனால் அவரே வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கும். தனியாகக் கேட்டால் சங்கடம். கூட வேலை செய்கிறவர்களையும் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். அலையின் மூலப் பதிவு எங்கே போகிறது, எத்தனை நாள் இருக்கும்? கட்டுப்பாட்டு அறையைத் தாண்டி வேலைக்கு எடுக்கிற, நீக்குகிற மேஜைக்கு அது போகுமா? போகாது என்றால் அதை எழுத்தில் தருவார்களா? தன் பதிவைத் தானே பார்க்க முடியுமா?

இன்னொன்றும் கேட்கச் சொல்லுங்கள். என் மனத்தில் இதுதான் பெரியது. ஒரே ஷிப்டில், ஒரே மணியில் பலருக்கும் எச்சரிக்கை அடித்தால், அதைக் காட்டி ஷிப்டை மாற்றுவார்களா? எங்கள் ஆலையில் அந்த நோட்டை யாரும் அப்படிப் புரட்டிப் பார்க்கவில்லை. புரட்டியிருந்தால் பெயர்கள் வேறு வேறாக இருக்க, நேரம் மட்டும் எல்லா வரியிலும் மூன்றரை, மூன்றே முக்கால் என்று நின்றது கண்ணில் பட்டிருக்கும்.

அடுத்த முறை அவர் போனில் பேசும்போது இதைப் படித்துக் காட்டுங்கள். பகலில் அவர் தூங்கும் அறையின் ஜன்னலுக்கு வெளிச்சம் புகாத திரை போட்டிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்