காதலுக்காக முடி நடப் போகிறவர்களுக்கு

படப்பையில் ரூம் எடுத்துத் தங்கி ஒரகடத்துக்கு ஷிஃப்ட் போகிற பையன்கள், முடி கொட்டினால் போர் தண்ணீரைத் திட்டுவார்கள், அடுத்து ஹெல்மெட்டை. கேன் தண்ணீரில் தலைக்குக் குளிக்கிறவர்களும் உண்டு. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், அவ்வளவுதான். ஆண்களுக்கு நெற்றி ஏறுவதும் உச்சி வழுக்கையாவதும் பெரும்பாலும் பரம்பரை. என் அப்பாவுக்கும் மாமாவுக்கும் அப்படித்தான்.

ரூமில் என்னை "மொட்டை" என்றுதான் கூப்பிடுவார்கள். வலித்ததே இல்லை. நான் காதலித்த பெண் ஒருநாள், "போட்டோ பாத்துட்டு அக்கா உங்க வயசு என்னன்னு கேட்டா" என்றாள். அதோடு சரி. பிறகு தொப்பி இல்லாமல் அவள் முன்னால் நின்றதில்லை. வீடியோ கால் வந்தால் லைட்டை அணைப்பேன். தலையைக் கோத வந்த கையைத் தட்டிவிடுவேன். எனக்கு அவள்மேல் ஆசை விட்டுப்போனதாக அவள் நினைத்துக்கொண்டாள். ஊரே சொன்னாலும் உறைக்காதது, ஆசை வைத்தவர் சொன்னால் உடம்பில் தங்கிவிடுகிறது. அக்கா பேச்சை அவள் என்னிடம் கொண்டுவந்திருக்கக் கூடாது. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

நிச்சயதார்த்தத்துக்குள் முடி வேண்டுமென்று 24 வயதில் சென்னையில் ஒரு கிளினிக்கில் இஎம்ஐ போட்டு நட்டுக்கொண்டேன். பணம் போனதைவிடப் பெரிய தப்பு, அந்த வயதில் நட்டதுதான். பின்மண்டையிலிருந்து எடுத்து நட்ட முடி பெரும்பாலும் நிற்கும். அதற்குப் பின்னால் இருக்கிற சொந்த முடி தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே போகும். அதைப் பிடித்து வைக்க மருந்தை விடாமல் எடுக்க வேண்டும். வழுக்கை எதுவரை போகும் என்று அந்த வயதில் கணிப்பது கஷ்டம். பின்மண்டை முடியோ அளவுதான், எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. இதில் ஒரு வார்த்தைகூட அங்கே யாரும் சொல்லவில்லை, பேக்கேஜ் விலையைத்தான் சொன்னார்கள். இப்போது எனக்கு நெற்றியோரம் ஒரு வரிசை முடி, அதற்குப் பின்னால் வெட்டவெளி.

அவள் வேறிடத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். முடி காரணமில்லை, நீங்கள் ஒதுங்கியதுதான் காரணம் என்றாள். பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் தோல் டாக்டரைப் பாருங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் போதும். மினாக்சிடில் என்ற மருந்தை எழுதித் தந்தால், முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டலாம், பயந்து நிறுத்தாதீர்கள். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். கூட வாழப்போகிறவளிடம் தொப்பியைக் கழற்றிவிட்டே பேசுங்கள்; அதற்கே முகம் சுளித்தால் நிச்சயத்துக்கு முன்பே தெரிந்தது நல்லதுதான்.

அப்படியும் முடி நடத்தான் வேண்டுமென்றால், ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், இது பார்லர் வேலை இல்லை. 2016-இல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தே போனார். யூடியூப் பார்த்தும் பயிலரங்கில் உட்கார்ந்தும் கற்றது இதற்குப் போதாது என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் சொல்லியிருக்கிறது. கத்தி பிடிக்கப்போகிற டாக்டரின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதி வாங்குங்கள். தர மறுத்தால், அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.