எஞ்சின் எண்ணெயைத் தூய்மையாகப் பேணுதல்

அலகு: மோட்டார் வாகனத்தின் உராய்வுநீக்கல் தொகுதி

மாணவர்களே, "எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது" என்று கராஜில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எஞ்சினின் அசையும் பகுதிகள் ஒன்றோடொன்று உராய்ந்து, சூடேறி, இறுகிப்போவதையே அவ்வாறு கூறுகின்றனர். எண்ணெய் போதாமையும் எண்ணெய் மாசடைந்தமையும் இதற்கான முக்கிய காரணங்களாகும். வாடகை வான் ஓட்டிச் சீவிக்கும் குடும்பம் ஒன்றுக்கு இது பல மாத வருமானத்தை இழக்கச் செய்யும். எண்ணெயையும் அதன் வடியையும் உரிய காலத்தில் மாற்றுவதற்கான செலவோ, எஞ்சினைத் திருத்தும் செலவில் ஒரு சிறு பங்கு மட்டுமே. ஆகவே இப்பாடத்தைப் பரீட்சைக்காக மட்டுமன்றி வீட்டுத் தேவைக்காகவும் கற்றுக்கொள்ளுங்கள்.

1. எண்ணெயின் தொழில்கள்

• அசையும் மேற்பரப்புகளுக்கிடையே படலமாக நின்று உராய்வைக் குறைத்தல்.
• வெப்பத்தை அகற்றிப் பகுதிகளைக் குளிர்த்தல்.
• காபன் துணிக்கைகளையும் உலோகத் தூளையும் கழுவிக் கொண்டுவருதல்.
• முசல வளையங்களுக்கும் உருளைச் சுவருக்கும் இடையிலான இடைவெளியை அடைத்தல்.
• துருப்பிடித்தலைத் தடுத்தல்.

மூன்றாவது தொழிலைக் கவனியுங்கள். எண்ணெய் அழுக்கைச் சுமப்பதும் அதன் கடமையே. சுமந்த அழுக்கை எங்கே இறக்கிவைப்பது என்பதே இப்பாடத்தின் பிரதான வினாவாகும்.

2. எண்ணெய் மாசடையும் விதம்

அ. தூசி: வளி வடி கிழிந்திருந்தால் அல்லது சரியாகப் பொருத்தப்படாவிடின் வீதித் தூசி எஞ்சினுள் செல்லும். கிரவல் வீதிகளில் ஓடும் வாகனங்களுக்கு இது பெரும் பிரச்சினை. தூசியிலுள்ள சிலிக்கா உலோகத்தைத் தேய்க்கவல்லது.

ஆ. உலோகத் தூள்: போதிகைகள், முசல வளையங்கள் முதலியன தேய்வதால் உண்டாகும்.

இ. காபன்: தகன அறையிலிருந்து முசல வளையங்களைக் கடந்து கசியும் வாயுக்களுடன் வரும். டீசல் எஞ்சினில் இது அதிகம்.

ஈ. நீர்: பெற்றோல் எரியும்போது நீராவி உண்டாகும். பெற்றோலை ஒக்டேன் எனக் கொண்டால், 114 கிராம் ஒக்டேன் முற்றாக எரிந்து 162 கிராம் நீரைத் தரும். அதாவது 1 லீற்றர் பெற்றோலிலிருந்து அண்ணளவாக 1 லீற்றர் நீர் உண்டாகிறது. இதிற் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறும். சிறு பகுதி கசிந்து எண்ணெயுடன் சேரும். எஞ்சின் நன்கு சூடேறினால் இந்நீர் ஆவியாகிவிடும். சந்தைக்கும் பாடசாலைக்கும் மட்டும் குறுந்தூரம் ஓடும் வாகனத்தில் அது எண்ணெயிலேயே தங்கி, சேறு போன்ற படிவு உண்டாக உதவும்.

உ. ஒட்சியேற்றம்: உயர் வெப்பநிலையில் எண்ணெய் ஒட்சிசனுடன் தாக்கமடைந்து அமிலப் பொருட்களையும் பிசுபிசுப்பான படிவுகளையும் தரும்.

3. எண்ணெய் செல்லும் பாதை

எண்ணெய்த் தாழி → வலை வடி → எண்ணெய்ப் பம்பி → எண்ணெய் வடி → பிரதான எண்ணெய்ப் பாதை → போதிகைகள், வால்வுத் தொகுதி → மீண்டும் எண்ணெய்த் தாழி.

வலை வடி பெரிய துணிக்கைகளை மட்டும் தடுத்துப் பம்பியைப் பாதுகாக்கும். நுண்ணிய துணிக்கைகளைப் பிடிப்பது, கராஜ்களில் "ஒயில் பில்டர்" எனப்படும் எண்ணெய் வடியாகும். இவ்வகை வடியை 1923 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஏர்னஸ்ட் சுவீற்லாண்ட், ஜோர்ஜ் கிறீன்ஹால் ஆகியோர் அறிமுகப்படுத்தினர். அதற்கு முன்னர் வாகனங்களின் எண்ணெயை மிகக் குறுகிய தூரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது.

வடியின் பகுதிகள்:

• மடிப்பு வடிதாள்: மடிக்கப்பட்டிருப்பதால் சிறிய இடத்தில் பெரிய பரப்பளவு கிடைக்கிறது.
• மாற்றுவழி வால்வு: வடிதாள் அடைபட்டால் அல்லது குளிர்ந்த எண்ணெயின் பிசுக்குமை அதிகமாக இருந்தால் இது திறந்து, வடிக்கப்படாத எண்ணெயை நேரே அனுப்பும். அழுக்கு எண்ணெய் தீங்கானது. எண்ணெயே இல்லாமை அதனிலும் தீங்கானது.
• பின்வடிதல் தடுப்பு வால்வு: எஞ்சின் நிற்கும்போது வடியிலுள்ள எண்ணெய் தாழிக்கு வடிந்துவிடாமல் காக்கும்.

எண்ணெய் முழுவதும் வடியினூடாகச் சென்றால் அது முழுப்பாய்ச்சல் முறையாகும். மோட்டார் கார்களில் இன்று பயன்படுவது இதுவே. சில கனரக டீசல் எஞ்சின்களில், எண்ணெயின் சிறு பகுதியை மட்டும் மிக நுண்ணிய வடியினூடாக மெதுவாகச் செலுத்தித் தாழிக்குத் திருப்பும் பகுதிப்பாய்ச்சல் வடியும் சேர்க்கப்படும்.

4. வடியால் செய்ய முடியாதவை

எண்ணெயில் கரைந்த அமிலம், கலந்த எரிபொருள், நீர் ஆகியவற்றைச் சாதாரண வடிதாளால் அகற்ற முடியாது. தீர்ந்துபோன கூட்டுப்பொருட்களை மீண்டும் தரவும் முடியாது. ஆகவே எவ்வளவு சிறந்த வடி இருப்பினும் எண்ணெயை மாற்றியே ஆகவேண்டும்.

எண்ணெயின் தோற்றம் சில தகவல்களைத் தரும்:

• கறுப்பு நிறம்: காபனைத் தொங்கல் நிலையில் வைத்திருப்பதன் அடையாளம். இதனால் மட்டும் எண்ணெய் பழுதெனக் கூற முடியாது.
• பால் போன்ற நிறம்: நீர் அல்லது குளிர்த்தும் திரவம் கலந்துள்ளது. உடனே பரிசோதிக்க வேண்டும்.
• பெற்றோல் மணம்: எரிபொருள் கலந்துள்ளது.

5. எண்ணெயையும் வடியையும் மாற்றும் முறை

(1) வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினைச் சில நிமிடங்கள் இயக்கி நிறுத்துக. இளஞ்சூடான எண்ணெய் இலகுவாக வடியும்.
(2) எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, தாழியின் வடிகால் ஆணியைக் கழற்றிப் பழைய எண்ணெயைப் பாத்திரத்தில் சேகரிக்க.
(3) பழைய வடியைக் கழற்றுக. அதன் இறப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்கிறதா எனப் பார்க்க. இரண்டு வளையங்கள் சேர்ந்தால் எண்ணெய் பீறிட்டுக் கசியும்.
(4) புதிய வடியின் இறப்பர் வளையத்தில் புதிய எண்ணெய் பூசி, அறிவுறுத்தலின்படி கையால் இறுக்குக.
(5) வடிகால் ஆணியைப் புதிய வாசருடன் பூட்டி, குறித்த வகை எண்ணெயைக் குறித்த அளவு ஊற்றுக.
(6) எஞ்சினை இயக்குக. சிவப்பு எண்ணெய் அமுக்க விளக்கு அணைய வேண்டும். கசிவைப் பார்த்து, எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்களின் பின் அளவுகோலில் மட்டத்தைப் பார்க்க. மட்டம் இரு குறிகளுக்கும் இடையே இருத்தல் வேண்டும்.

ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்துக. "அடுத்த சந்தி வரை போவோம்" என எண்ணுவது எஞ்சினை இழக்கச் செய்யும்.

6. கழிவெண்ணெய்

பழைய எண்ணெயை நிலத்திலோ கானிலோ ஊற்றக்கூடாது. யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் சுண்ணாம்புக்கற் படையிலுள்ள நிலத்தடி நீரை நம்பி வாழ்பவர்கள். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் மாசு காணப்பட்டபோது மக்கள் குடிநீருக்குப் பட்ட அவதி யாவரும் அறிந்ததே. கழிவெண்ணெயை மூடிய கலனில் சேர்த்து, அதைச் சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். அது தோலிற் படாதிருக்கக் கையுறை அணிக.

7. மாதிரி வினா

ஒரு வானின் மொத்த எண்ணெய்க் கொள்ளளவு 4 லீற்றர். இதில் 0.4 லீற்றர் வடியினுள் தங்கும். சாரதி செலவைக் குறைக்க எண்ணெயை மட்டும் மாற்றி, பழைய வடியை விட்டுவிடுகிறார்.

(அ) புதிய எண்ணெயில் கலக்கும் பழைய எண்ணெய் எத்தனை சதவீதம்?
(ஆ) இச்செயலின் மற்றுமொரு தீங்கு யாது?

விடை:
(அ) 0.4 ÷ 4 × 100 = 10%.
(ஆ) அழுக்கு நிறைந்த வடி அடைபட்டால் மாற்றுவழி வால்வு திறக்கும். அப்போது வடிக்கப்படாத எண்ணெய் போதிகைகளுக்குச் சென்று அவற்றைத் தேய்க்கும்.

குறிப்பு: (ஆ) பகுதிக்கு "எஞ்சின் பழுதாகும்" என்று மட்டும் எழுதாதீர்கள். காரணம், அதனால் நிகழ்வது, முடிவு என்ற ஒழுங்கில் எழுதுங்கள்.

நினைவிற் கொள்க: வளி வடி தூசியை வெளியே நிறுத்தும், எண்ணெய் வடி உள்ளே வந்த துணிக்கையைப் பிடிக்கும், எண்ணெய் மாற்றம் வடியில் அகப்படாததை அகற்றும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் மற்றவற்றின் பயன் குறைந்துவிடும்.